காமிரா நின்ற இடம்

எங்கள் தெருவில் எல்லா வீட்டுச் சுவரிலும் இறந்தவர்களின் படம் இருந்தது. சாந்தோம் கோவிலுக்குப் பின்னால் கடலைப் பார்த்து இறங்கும் சின்னத் தெரு அது. வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள் வீடுகள்தாம் அதிகம். யாராவது இறந்துபோனால், சாமியாருக்குச் சொல்லி அனுப்பும் கையோடு மயிலாப்பூருக்கு ஆள் அனுப்பிப் படம் பிடிப்பவரையும் வரவழைப்பார்கள். சவப்பெட்டியின் தலைப்பக்கத்தைச் சற்றுத் தூக்கிவைத்து, சுற்றிலும் வீட்டார் நின்று ஒரு படம் எடுத்த பிறகுதான் மூடியை வைத்து ஆணி அறைவார்கள். உயிரோடு இருந்தவரை படமே எடுத்துக்கொள்ளாதவருக்கும் அந்த ஒரு படம் நிச்சயம்.

என் அப்பா பவுல்சாமிக்கு அப்படி ஒன்று இருக்கிறது. அதில் நான் அம்மாவின் இடுப்பில் இருக்கிறேன். பெட்டியின் கால்மாட்டில் லூயிசா அக்கா நிற்கிறாள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது இருக்கும். அசையாமல் இங்கே பார் என்று படம் பிடிப்பவர் சொன்னாராம். அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அப்படியே பதிந்துவிட்டது.

அதைத் தவிர அக்காவுக்கு வேறு படம் கிடையாது.

அவள் நர்ஸ். யுத்தம் முடிந்த வருஷம் ஐப்பசி மழையோடு பட்டணத்தில் பெரியம்மை வந்தது. தடுப்பூசி போட்டிருந்தும் அவளுக்கு வந்துவிட்டது. அவளேதான் முதலில் கண்டுபிடித்தாள். காலையில் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, கிட்ட வராதே. அங்கயே நில்லு" என்றாள். ஆஸ்பத்திரி வண்டி தெருவுக்குள் நுழையாது. முனைவரை நடந்தே போனாள். வாசற்படியில் அம்மா நின்றாள், அவளுக்குப் பின்னால் நான். அக்கா ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் பெட்டி நேராகக் கல்லறைக்குத்தான் வந்தது. ஆணி அறைந்து, சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். திறக்கக் கூடாது என்று உத்தரவு. படம் பிடிப்பவர் வந்திருந்தார். கறுப்புத் துணி போர்த்திய காமிராவைத் தோளில் வைத்தபடியே சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். அப்பா படத்துக்குப் பக்கத்தில் அம்மா முதல்நாளே என்னை ஆணி அடிக்கச் சொல்லியிருந்தாள். அந்த ஆணி அப்படியே இருந்தது.

மாசி மாதம் ஒருநாள் அம்மா முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் மூலையில் ஒரு மொழிபெயர்ப்பு நாவலில் மூழ்கியிருந்தேன். பனி பெய்கிற ஏதோ ஊரில் ஒருவன் பாலத்தின்மேல் நின்று பிரிவை நினைத்துக்கொண்டிருந்தான். எனக்கு அப்போதெல்லாம் சாந்தோமைவிட அந்த ஊர்களின் தெருக்கள்தாம் நன்றாகத் தெரியும்.

"வால்டரு" என்றாள் அம்மா. "அவ மூஞ்சி மறந்துபோவுதுடா."

நான் புத்தகத்தை மூடினேன்.

"மூக்கு ஞாபகம் கீது. கண்ணு ஞாபகம் கீது. நெத்தியில அந்தத் தழும்பு, அதுவும் கீது. எல்லாத்தையும் ஒண்ணா வச்சா வேற யாரோ வர்றா."

முறத்தைத் தட்டிவிட்டு மறுபடி கல் பொறுக்க ஆரம்பித்தாள். எனக்கு அந்தச் சினிமாவின் நினைவு வந்தது அப்போதுதான்.

அக்கா சாவதற்கு முந்தின கோடையில், அடையாறில் ஒரு ஸ்டூடியோவில் ஆஸ்பத்திரிக் காட்சி எடுத்தார்கள். எல்லாம் நிஜம்போல இருக்கவேண்டும் என்று டைரக்டர் ஒரு நர்ஸை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தார். அக்கா ஒருநாள் போய்வந்தாள். சாயங்காலம் வந்து சாப்பிட உட்கார்ந்தபோது சிரித்துக்கொண்டே இருந்தாள்.

"காலையிலேந்து ஒரே ஆளுக்கு ஒரே கட்டு. கட்றேன், அவுக்குறேன், கட்றேன், அவுக்குறேன். விளக்குச் சூட்டுல அந்த ஆளுக்கு நெஜமாவே ஜொரம் வந்துடும்போல கீது."

"உன்னையும் எடுத்தாங்களாடி?" என்றாள் அம்மா பயத்தோடு.

"எடுத்தாங்க."

"சாமியாருக்குத் தெரிஞ்சா இன்னா சொல்வாரு?"

"அவரு படம் பாத்தாத்தானே தெரியும்" என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "டேய், படம் வந்தா என்னைக் கண்டுபிடி பாப்போம். மூட்டை மூட்டையா புக்கு படிக்கிறியே" என்றாள்.

இப்போது அந்தப் படம் லஸ் பக்கத்துக் கொட்டகைக்கு வந்திருந்தது. என் சிநேகிதன் இனாயத் சொல்லி எனக்குத் தெரியும். அம்மாவிடம் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"மூஞ்சி தெரியுமா?"

"தெரியும்."

"நடக்குறது, பேசுறது எல்லாம்?"

"எல்லாம் தெரியும்மா. நான் போய் எந்த இடத்துல வர்றான்னு பாத்துட்டு வர்றேன். அப்புறம் உன்னக் கூட்டிக்கினு போறேன்."

அது தபசுக் காலம், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்கள். எங்கள் வீட்டில் கறி, மீன் கிடையாது. அம்மா தலையில் பூக்கூட வைக்கமாட்டாள். கொட்டகை வாசலை அவள் பிறந்ததிலிருந்து மிதித்ததில்லை. ஆனாலும் அவள் யோசிக்கவில்லை. "சீக்கிரம் பாத்துட்டு வா" என்றாள்.

இனாயத் கச்சேரி ரோட்டில் அத்தர்க் கடை வைத்திருந்தவரின் மகன். என்னோடு காலேஜில் படித்தான். வாரத்துக்கு இரண்டு படம் பார்ப்பான். நான் சினிமாவை மதித்ததில்லை. எதிரில் ஒரு காமிராவை நிறுத்தி நாடகத்தைப் படமெடுக்கிறார்கள், இதில் என்ன இருக்கிறது என்பேன்.

முதல் தடவை இருவரும் சேர்ந்து போனோம். யுத்தத்தில் காயப்பட்ட ஒரு சிப்பாய், அவனைக் கவனிக்கும் ஒரு நர்ஸ், இருவருக்கும் ஆசை, அவள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விடுகிறாள். ஆஸ்பத்திரி வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வெள்ளை உடை தெரிந்த இடமெல்லாம் கண்ணை ஓட்டினேன். மருந்துத் தட்டு எடுத்துப்போனவள், ஜன்னல் பக்கம் நின்றவள், கதவோரம் பாதி மறைந்தவள், எவளும் அக்கா இல்லை. படம் முடிந்து விளக்குப் போட்டார்கள்.

"வெட்டிப் போட்டுட்டாங்க" என்றேன் வெளியே வந்து.

"நீ இன்னாத்தப் பாத்தே?" என்றான் இனாயத். "ரேஷன் கடையில தெரிஞ்சவன் யாராவது கீறானான்னு தேடற மாதிரி, மூஞ்சி மூஞ்சியா பாத்துக்கினு இருந்தே."

"வேற இன்னா பாக்கணும்?"

"படத்தப் பாரு நைனா."

"படத்துல இன்னா கீது? கதை எழுதறவன்னா ஒருத்தன் மனசுக்குள்ள போய் உக்காந்துக்குவான். காமிரா வெளியிலதானே நிக்கணும்?"

"சரி. அந்தப் பொண்ணு போவும்போது ஏன் என் தொடையப் புடிச்சுக் கிள்ளினே?"

"நானா?"

"வேற எங்க நைனாவா? இன்னும் எரியுது."

எனக்கு நினைவே இல்லை. அன்றிரவு அம்மா கேட்டபோது, "கூட்டம்மா, சரியாத் தெரியல. இன்னொரு தடவை பாக்கணும்" என்றேன்.

இரண்டாம் முறை தனியாகப் போனேன். அக்கா இல்லை என்று தீர்ந்துபோன மனசோடு தரையில் மணலில் உட்கார்ந்திருந்தேன். எதையும் தேடவில்லை. அதனால்தான் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

கால் ஒடிந்து படுத்திருக்கும் சிப்பாயின் முழங்கையிலும் காயம். கதாநாயகி குனிகிறாள். அவள் முகம் திரை முழுவதும் வருகிறது. உதடு லேசாக அசைகிறது, பேசவில்லை. அடுத்தது சிப்பாயின் முகம். அவன் கண்கள் மெல்லக் கீழே இறங்குகின்றன. அவன் பார்க்கும் இடத்துக்கு நாமும் போகிறோம். இரண்டு கைகள் மட்டும். துணியைச் சுற்றுகின்றன, இழுத்துப் பார்க்கின்றன, மறுபடி சுற்றுகின்றன. கடைசியில் நுனியை உள்ளே செருகிவிட்டு, செருகிய இடத்தை இரண்டு விரல்களால் மெல்லத் தட்டுகின்றன.

நான் எழுந்து நின்றுவிட்டேன். பின்னாலிருந்து யாரோ, "யோவ், கண்ணாடியா நீ, குந்துய்யா" என்றார்கள்.

அந்தத் தட்டல் எனக்குத் தெரியும். என் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு அட்டை போட்டு முடித்ததும் அப்படித்தான் தட்டுவாள். முழங்காலில் அடிபட்டால் கட்டிவிட்டு அப்படித்தான் தட்டுவாள். இடது சுண்டுவிரல் நுனி வெளியே வளைந்திருந்தது. சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிய விரல் அது.

முகம் கதாநாயகியுடையது. கை அக்காவுடையது. நடுவில் ஒரு வெட்டு. கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் அது ஒரே பெண்.

என்னைக் கண்டுபிடி என்று அவள் சிரித்தது ஏன் என்று இப்போது புரிந்தது.

அதற்குப் பிறகு முடிந்த போதெல்லாம் போனேன். முதலில் அந்தக் கைகளுக்காகத்தான். ஆனால் அவை வரும்வரை காத்திருக்கும்போது மற்றவையும் கண்ணில் பட ஆரம்பித்தன. கைகள் தனியாக வந்திருந்தால் அது வெறும் கட்டுப்போடும் வேலை. சிப்பாயின் கண் கீழே இறங்கியதால்தான் அது அவன் ஆசையாகிவிட்டது. அவள் என்ன நினைக்கிறாள் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவிழ்ந்துவிடக் கூடாது என்று இன்னொரு சுற்றுச் சுற்றிய கை சொன்னது. நான் படித்த நாவல்களில் இதற்கு இரண்டு பக்கம் வேண்டியிருந்திருக்கும். ஜன்னலுக்கு வெளியே பனியும் பெய்திருக்கும்.

அவள் போகிற இடமும் அப்படித்தான். விடைபெற்றுக்கொண்டு வார்டின் நடுவே நடந்து போகிறாள். இரண்டு பக்கமும் கட்டில்கள். கோடியில் வெளிச்சமாக ஒரு கதவு. காமிரா அசையாமல் நிற்கிறது. முதுகுதான் தெரிகிறது. அது சிறுத்துக்கொண்டே போகிறது. பாட்டு இல்லை, வசனம் இல்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் தரையிலிருந்து எவனாவது ஒருவன், "ஏம்மா, திரும்பித்தான் பாரேன்" என்று கத்துவான். அவள் திரும்பமாட்டாள். கதவு வெளிச்சத்தில் கரைந்துபோவாள்.

ஃபிலிமே கிடைக்காத காலத்தில் ஒரு முதுகுக்காக இவ்வளவு செலவழிப்பானேன் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் திரையின் கீழ் ஓரத்தைக் கவனித்தேன். கட்டிலின் இரும்புக் கம்பி ஒன்று மங்கலாகக் குறுக்கே கிடந்தது. காமிரா மிகவும் தாழ்வாக இருந்தது. தலையணை உயரத்தில்.

அப்போதுதான் தெரிந்தது. காமிரா நின்ற இடம் சிப்பாய் படுத்திருக்கும் இடம். நாமும் படுத்திருக்கிறோம். எழுந்து ஓட முடியாது. ஒருவன் மனசுக்குள் போய் உட்கார்வது என்று நான் இனாயத்திடம் சொன்னேனே, அதைத்தான் அந்த டைரக்டர் செய்திருந்தார். எனக்கு அப்பா படத்தில் பெட்டியின் கால்மாட்டில் நின்ற அக்கா ஞாபகம் வந்தாள். வாசற்படியும் ஞாபகம் வந்தது. படம் முடியும்வரை இருக்கப் பிடிக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

இனாயத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கூடவே நடந்தான்.

"அம்மாகிட்ட சொல்லிடு. கைதான் கீதுன்னு."

"அவங்க மூஞ்சி கேக்குறாங்கடா."

"இருக்குறதத்தானே காட்ட முடியும்." பிறகு சொன்னான்: "வர்ற வெள்ளிக்கெழம படத்த மாத்துறாங்க. வேற போஸ்டர் வந்து இறங்கியாச்சு."

அந்த வாரம் கோவிலில் சுரூபங்களையெல்லாம் ஊதாத் துணியால் மூடிவிட்டார்கள். பெரிய வெள்ளிக்கு முன்னால் ஒவ்வொரு வருஷமும் செய்வதுதான். மாதாவுக்கும் முகம் இல்லை, சூசையப்பருக்கும் இல்லை. அம்மா அந்த மூடிய மாதாவுக்கு முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் முழங்காலில் இருந்தாள். வெளியே வந்ததும், "புதன்கெழம போலாமா?" என்றாள்.

"தபசுக் காலமாச்சேம்மா."

"பெரிய வாரத்துல பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன் இல்ல, அப்போ சாமியார்கிட்ட சொல்லிக்கிறேன்."

கைதான் வரும் என்று சொல்ல அப்போது வாயெடுத்தேன். அவள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். பார்த்தால் அவளுக்கே தெரிந்துவிடும் என்று தோன்றியது. அந்த விரலைப் பெற்றவள் அவள்தானே. "நான் சொல்றப்போ மட்டும் நல்லாப் பாரு" என்றேன்.

புதன்கிழமை மத்தியான ஆட்டத்துக்குப் போனோம். அம்மா கோவிலுக்குப் போவதுபோல வெள்ளைச் சேலை உடுத்தி, தலையில் முக்காடு போட்டிருந்தாள். ஜெபமாலையைக் கைக்குள் வைத்திருந்தாள். பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவிலிருந்த தடுப்பை ஒட்டி அவள் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாக உட்கார்ந்தோம். கூட்டம் இல்லை.

விளக்கை அணைத்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தடுப்புக்கு மேலே குனிந்து, "வால்டரு, அந்த ஆளு ஏன் திடீர்னு அவ்ளோ பெருசா ஆயிட்டான்?" என்றாள்.

"காமிராவக் கிட்ட கொண்டாந்துட்டாங்கம்மா."

"அப்போ இது யாரு, அந்தக் கோடியில?"

"அதே ஆளுதான்."

"அதே ஆளா? அவன் இப்பத்தானே இங்க இருந்தான்?"

நாங்கள் எல்லாரும் எப்போதோ கற்றுக்கொண்டு, கற்றதையே மறந்துபோன ஒன்று அவளுக்குத் தெரியாது. அவளுக்கு ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு புது ஆள்.

ஆஸ்பத்திரி வந்தது. அம்மா தடுப்பைப் பிடித்துக்கொண்டாள். கதாநாயகி குனிந்தாள். சிப்பாயின் கண் இறங்கியது.

"இப்போ பாரும்மா. கையப் பாரு."

"யாரு கை?"

"அதோ, அந்தக் கை. விரலப் பாரு."

"இருடா, மறைக்காதே" என்றாள். அவள் கண்கள் திரையின் ஓரங்களில் அலைந்துகொண்டிருந்தன. யாராவது உள்ளே வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். இரண்டு விரல்கள் கட்டின்மேல் தட்டின. முடிந்துவிட்டது.

"லூயிசா எப்போ வருவா?" என்றாள்.

வந்துவிட்டுப் போய்விட்டாள் என்பதை எப்படிச் சொல்வது? யோசித்துக்கொண்டிருக்கும்போதே திரையில் அந்த வார்டு வந்துவிட்டது. இரண்டு வரிசைக் கட்டில்கள், கோடியில் வெளிச்சக் கதவு, நடந்துபோகும் முதுகு.

அம்மா கையை நீட்டினாள்.

"அதோ" என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன்.

"அதோ போறாடா. லூயிசா."

அது அந்த நடிகை. இவ்வளவு நேரம் முகம் காட்டிப் பேசி அழுதவள். ஆனால் அம்மாவுக்கு அது கோடியில் நடக்கும் ஒரு புதுப் பெண். வெள்ளை உடை, பின்னிக் கட்டிய முடி, அவசரமில்லாத நடை. தரையிலிருந்து ஒருவன், "திரும்பிப் பாரும்மா" என்று கத்தினான். சிலர் சிரித்தார்கள். அம்மாவின் உதடும் அசைந்தது. அவளும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். முதுகு வெளிச்சத்தில் கரைந்தது. அவள் தடுப்பின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு திரையைப் பார்க்கவே இல்லை.

வெளியே வெயிலில் கண் கூசியது. கச்சேரி ரோட்டு வழியாகக் கோவிலை நோக்கி நடந்தோம். பட்டினப்பாக்கத்து மீன்காரிகள் காலிக் கூடைகளோடு எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அன்னைக்கும் இப்படித்தான் போனா" என்றாள் அம்மா. "இதே மாதிரி. திரும்பவே இல்ல."

"ஆமாம்மா."

"நெஜத்துலயும் முதுகு, படத்துலயும் முதுகு. அவங்க அப்பா பொட்டி பக்கத்துல நின்னப்பவும் மூஞ்சிய மூடிக்கினா." நின்றாள். "ஏண்டா, அந்தக் காமிராவத் தூக்கி வாசப்பக்கம் வச்சிருந்தா மூஞ்சி தெரிஞ்சிருக்கும் இல்ல?"

"தெரிஞ்சிருக்கும்."

"ஏன் வக்கல? அவங்களுக்குத் தெரியாதா?"

எனக்குப் பதில் தெரியும். வாசல் பக்கம் வைத்திருந்தால் அவள் அழுகிறாளா, அழவில்லையா என்று தெரிந்துபோயிருக்கும். தெரிந்தால் ஆறுதல் வந்துவிடும். படுத்துக்கிடப்பவனுக்கு அது கிடைக்கக் கூடாது என்றுதான் டைரக்டர் காமிராவை அவன் தலைமாட்டில் வைத்தார். அவர் செய்தது சரி. எத்தனையோ தடவை பார்த்து நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். அதை அம்மாவிடம் சொல்ல முடியவில்லை.

"யுத்த காலம்மா" என்றேன். "ஃபிலிம் கெடைக்கல. ஒரு பக்கந்தான் எடுக்க முடிஞ்சுது."

அவள் அதை யோசித்துப் பார்த்தாள்.

"ரேஷன் அரிசி மாதிரி" என்றாள்.

"ஆமா. அரிசி மாதிரி."

தலையை ஆட்டிக்கொண்டு நடந்தாள். அந்தப் பதில் அவளுக்குப் புரிந்தது.

வெள்ளிக்கிழமை படத்தை மாற்றிவிட்டார்கள். வியாழக்கிழமை கடைசி ஆட்டத்துக்குப் போகலாமா என்று இனாயத் கேட்டான். நான் போகவில்லை. சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் நாவலை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாலத்தின்மேல் நின்றவன் இன்னமும் நினைத்துக்கொண்டே இருந்தான். மேலே படிக்க ஓடவில்லை. சுவரில் ஆணி இருந்தது. அம்மா அரிசியைக் களைந்து வைத்துவிட்டு வாசற்படிக்குப் போய், தெருமுனையைப் பார்த்து நின்றாள். இப்போதெல்லாம் அந்த நேரத்தில் அங்கேதான் நிற்கிறாள். முகம் நினைவுக்கு வந்துவிட்டதா என்று கேட்க நினைத்தேன். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது.